மைசூர் மைன்ஸின் வெப்பமண்டலக் காடு

மரங்களுக்கு நம்பர் போட்டதுதான் வினையாகப் போயிற்று.

விடிந்ததும் யசோதரா கதவைத் திறந்தால், வாசலில் அப்பாதுரை பெரியப்பா நிற்கிறார். சலவைச் சட்டை, காலில் பழைய மைன்ஸ் பூட்ஸ், கையில் பிளாஸ்டிக் கவருக்குள் சர்வீஸ் சர்டிபிகேட். ஊரின் தங்கச் சுரங்கம், அதாவது மைன்ஸ், மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்த பூட்ஸுக்கு இத்தனை காலமும் எண்ணெய் போட்டு வைத்திருந்தார் என்றால், மனிதர் எப்பேர்ப்பட்ட நம்பிக்கைக்காரர் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

"இன்னா பெரியப்பா, காலங்காத்தால?"

"எந்த ஷாஃப்ட்ட மொதல்ல தொறக்கறாங்க?"

"இன்னாத்த தொறக்கறாங்க?"

"நடிக்காதம்மா. மைசூர் மைன்ஸ் பின்னால மரத்துக்கெல்லாம் செவப்புப் பெயின்ட்டுல நம்பர் போட்டுகீது. நீதான் நின்னு போட வெச்சியாம். சைலஸ் பாத்துட்டு வந்து சொன்னான்."

யசோதராவுக்குத் திக்கென்றது. இந்த ஊரில் எவனும் எதையும் அளக்கக் கூடாது, எதன்மேலும் நம்பர் எழுதக் கூடாது. எழுதினால் மைன்ஸ் திறக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். கேபிள் போட ரோடு ஓரத்தில் குழி தோண்டியபோதும் அப்படித்தான் சொன்னார்கள். போலியோ சொட்டு மருந்துக்காரிகள் வீட்டுக்கு வீடு சாக்பீஸால் நம்பர் போட்டபோது, ஒரு லைன் வீடுகள் முழுக்க மைசூர்பாகு கொடுத்துக் கொண்டாடியவர்கள் இவர்கள். இவ்வளவு தெரிந்திருந்தும் அவளே நின்று நம்பர் போட வைத்தாளே, அவளைச் சொல்ல வேண்டும்.

"பெரியப்பா, அது மைன்ஸுக்கு இல்ல. காட்டுக்கு."

"எந்தக் காடு?"

"அந்த மரமெல்லாம்தான் காடு."

அப்பாதுரை சிரித்தார். பேங்கில் புதிதாக வந்த ஆள் கையெழுத்து சரியில்லை என்று சொன்னால் வருமே, அந்தச் சிரிப்பு.

ஆனால் யசோதரா சொன்னது பொய்யில்லை. மைசூர் மைன்ஸ் பின்னால், சுரங்கத்துக்குள் இறங்குகிற, மூடிப்போட்ட ஒரு ஷாஃப்ட்டைச் சுற்றி வேம்பும் புங்கமும் தைலமரமும் கருவேலமுமாகத் தானாக முளைத்துக் கிடக்கிறது. நிலம் உள்வாங்கிவிடும் என்ற பயம், பாம்புப் பயம். அதனால் ஒருவரும் அந்தப் பக்கம் போவதில்லை. மரங்கள் நிம்மதியாக இருந்தன. பெங்களூரில் 'பசும்போர்வை' என்று ஒரு அறக்கட்டளை. அதன் இயக்குநர் பரத் ஒருநாள் காரில் இருந்து இறங்காமலேயே அதைப் பார்த்தார். அன்றிலிருந்து அது வெப்பமண்டல உலர் காடு ஆகிவிட்டது.

திட்டம் இதுதான். ஐரோப்பாவில் ஒரு தேசம். வருஷத்தில் பாதி நாள் பனி, மீதி நாள் கடலில் எண்ணெய் எடுத்து விற்பார்கள். விற்ற பிறகு உலகம் சூடாகிறதே என்று மனசு கேட்கவில்லை. எண்ணெய் எடுப்பதை நிறுத்தலாம்தான். நிறுத்துவார்களா? அதற்குப் பதில் வெயில் தேசங்களில் காடு காடாகவே நிற்பதற்கு உதவி செய்கிறார்கள். அவர்கள் விடுகிற கரிப்புகையை நம் வேப்பமரம் இழுத்துக்கொள்ள வேண்டும். பக்கத்து வீட்டுக்காரன் பிரியாணி தின்ன, நாம் பத்தியம் இருக்கிற ஏற்பாடு. இதற்குப் பெயர் சர்வதேச ஒத்துழைப்பு.

யசோதராவுக்கு அந்த எண்ணெயும் வேண்டாம், கரியும் வேண்டாம். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மறுபடியும் ரயில் ஏறக் கூடாது.

பன்னிரண்டு வருஷம் அவள் மாரிகுப்பம் ரயிலில் போனவள். இருட்டில் எழுந்து சோறு கட்டி, இருட்டில் ஏறி, கக்கூஸ் பக்கத்தில் பேப்பர் விரித்து உட்கார்ந்து, பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் மற்றவர்கள் துடைத்ததைச் சரியாகத் துடைத்தார்களா என்று பார்த்து, இருட்டில் திரும்பி வந்தவள். சொந்த வீட்டுச் சுவர் பகலில் என்ன நிறம் என்று ஞாயிற்றுக்கிழமைதான் தெரியும். பசும்போர்வையில் அவளைத் தற்காலிகக் கள மேற்பார்வையாளராகப் போட்டார்கள். வேலை இங்கேயே, ஸ்கூட்டியில் பத்து நிமிஷம். வெளிநாட்டிலிருந்து மதிப்பீட்டாளர் வந்து, பார்த்து, திட்டத்தை ஒப்புக்கொண்டால் வேலை நிரந்தரம். ஒப்புக்கொள்ளாவிட்டால் கக்கூஸ் பக்கத்துப் பேப்பர்.

மதிப்பீட்டாளர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். இன்று வெள்ளி.

"மைன்ஸ் தொறக்கல பெரியப்பா. சத்தியமா தொறக்கல."

"மைன்ஸ மூடறதுக்கு மொத நாள் இன்னா சொன்னாங்க தெரியுமா? 'சத்தியமா மூட மாட்டோம்'னாங்க. இப்ப நீ சத்தியமா தொறக்கலன்னு சொல்ற. இதுக்கு இன்னா அர்த்தம்?"

இதற்கு என்ன பதில் சொல்வது? சொல்லுங்கள், உங்களால் முடியுமா?

"சும்மா நிக்கற மரத்துக்கு வெளிநாட்டுக்காரன் துட்டு குடுப்பானா?" என்று அவரே தொடர்ந்தார். "சொல்றதுக்கு ஒரு கதையாவது ஒயுங்கா சொல்ல வேணாமா?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

பகல் சாய்வதற்குள் வாசலில் ஒரு கூட்டம். எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள், எல்லார் கையிலும் பிளாஸ்டிக் கவர். சிலர் மகன்களின் பயோடேட்டாவையும் சேர்த்துக் கொண்டுவந்திருந்தார்கள். சைலஸ் ஒரு காலத்தில் சுரங்கத்துக்குள் இறங்குகிற கேஜில் ஆட்களை எண்ணி அனுப்பியவர். பழக்கதோஷம், கூட்டத்தைத் தானாகவே வரிசையில் நிறுத்திவிட்டார்.

யசோதரா பரத்துக்குப் போன் போட்டாள்.

"சார், ஜனங்க கூடிட்டாங்க சார். மைன்ஸ் திறக்குதுன்னு நெனச்சிகினு..."

"சூப்பர்! கம்யூனிட்டி பார்ட்டிசிபேஷன்!"

"ஐயோ, அது இல்ல சார்..."

"யசோதரா, கேளுங்க. அந்த மேடம் கேக்கப் போறது ஒண்ணுதான். மரம் பத்திரமா இருக்கா? மக்கள் வெட்டறாங்களா? ஒரு இலை கூட யாரும் தொடறதில்லைன்னு நீங்க நிரூபிக்கணும். திட்டமே அதுதான். புரிஞ்சுதா?"

புரிந்தது. பரத்துக்குப் புரிந்ததா என்பதுதான் கேள்வி. அந்த விண்ணப்பத்தை எழுதியது அவர் இல்லை. காசு வாங்கிக்கொண்டு எழுதித் தருகிறவர்கள் டெல்லியில் இருக்கிறார்கள். பரத் கையெழுத்துப் போட்டதோடு சரி. படித்தால் தலைவலி வரும் என்று படிக்கவில்லை.

"கூட்டம் மட்டும் அங்க வரக் கூடாது. மேனேஜ் பண்ணுங்க" என்று போனை வைத்தார்.

யசோதரா மேனேஜ் பண்ணினாள். அவள் செய்த காரியத்தை நினைத்தால் எனக்கே தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. வாசல்படியில் ஏறி நின்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"சரி, ஒத்துக்கறேன். இன்னாவோ நடக்குது. வெளிநாட்டுல இருந்து ஒரு மேடம் பாக்க வராங்க. ஆனா நீங்க சத்தம் போட்டா, கும்பல் கூடினா, அவங்க அப்படியே திரும்பிப் போயிடுவாங்க. எல்லாம் பாழாயிடும். பேசாம இருங்க. ஞாயித்துக்கிழம யாரும் அந்தப் பக்கம் வரக் கூடாது."

அப்பாதுரையின் கண் கலங்கிவிட்டது.

"இத்த மொதல்லியே சொல்லிருந்தா நான் கேள்வி கேட்டிருப்பேனா?" என்றார். "நீ கவலப்படாத. அந்த எடத்துக்கு ஒரு ஈ காக்கா வராம நான் பாத்துக்கறேன். சைலஸு, மூணு ஷிஃப்ட் போடு."

மூணு ஷிஃப்ட் போட்டார்கள். சனிக்கிழமை யசோதரா ஸ்கூட்டியில் போய்ப் பார்த்தால், காட்டு முனையில் நாற்காலி போட்டுக்கொண்டு சைலஸ். கழுத்தில் விசில். ஆடு மேய்க்க வந்தவனைக்கூட விரட்டிவிட்டிருந்தார். யசோதராவுக்கு மனசு குளிர்ந்தது. காசு கொடுத்தாலும் இப்படிக் காவல் கிடைக்குமா? பக்கத்தில் நாலு கிழவர்கள் ஏன் அரம் போட்டு எதையோ தீட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று அவள் கேட்கவில்லை. வயசானவர்கள், எதையாவது தீட்டுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஊருக்குள் ஆண்டர்சன்பேட்டை மார்க்கெட் முனையில் வெள்ளைக் கார் வந்து நின்றது. முன் சீட்டிலிருந்து இறங்கியவள் ஸ்வீட்டி. நாற்பது வயசுக்காரி, ஆண்டர்சன்பேட்டையில் பிறந்து பெங்களூரில் குடியேறியவள், ஒரு நாளைக்கு மொழிபெயர்ப்புக்கு என்று பிடித்து வந்திருந்தார்கள். பின் சீட்டிலிருந்து மேடம் இறங்கினார். நல்ல உயரம், வெயிலில் அதற்குள் தக்காளி மாதிரி சிவந்துவிட்ட முகம், கழுத்தில் கேமரா. இந்தப் பூமியின் சூட்டைக் குறைப்பதற்காக மூன்று விமானம் மாறி வந்திருந்தார்.

"மேடம் ரொம்ப ஸ்ட்ரிக்ட்க்கா," என்று ஸ்வீட்டி காதோடு சொன்னாள். "கார்ல ஏசி கூட வேணான்னுட்டாங்க. நான் வெந்து வந்துகீறேன்."

யசோதரா வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. சைலஸ்.

"யசோ, இப்ப கூட்டிகினு வந்துடாத. ரெண்டு மணி நேரம் தள்ளிப் போடு. இன்னும் ரெடியாகல."

"இன்னாத்துக்கு ரெடியாகல? கூட்டம் கூடிகீதா?"

"கொஞ்சம் ஆளுங்கதான்" என்றார் சைலஸ். பின்னால் நூறு பேர் பேசுகிற இரைச்சல் கேட்டது. போன் கட்டாகிவிட்டது.

யசோதரா வியர்த்துப் போனாள். இப்போது போனால் நூறு பேரும் மேடத்தின் முன்னால் சர்டிபிகேட்டை நீட்டுவார்கள். மேடம் மிரண்டு போவார். முதலில் வேறு எங்காவது கூட்டிப் போய் நேரத்தைக் கடத்துவோம், அதற்குள் பெரியப்பாவிடம் சொல்லிக் கூட்டத்தைக் கலைத்துவிடுவோம் என்று கணக்குப் போட்டாள்.

"மேடம், முதல்ல பேத்தமங்களா பாக்கலாம். காட்டுச் சுற்றுவட்டாரம். பஃபர் ஏரியா" என்றாள். பஃபர் என்ற சொல்லைப் பரத்திடமிருந்து பிடித்திருந்தாள். மேடம் தலையசைத்தார்.

பக்கத்து ஊரான பேத்தமங்களாவில் ஏரிக்கரை ஓரம் புளியமரங்கள். அங்கே சம்பங்கி என்கிற விவசாயி தக்காளிக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். மேடம் நேராக அவரிடம் போய் ஏதோ கேட்டார்.

"இங்க யாராச்சும் மரம் வெட்டறாங்களான்னு கேக்கறாங்க" என்றாள் ஸ்வீட்டி.

"மரமா? இல்லம்மா" என்றார் சம்பங்கி. "நான் எதுக்கு வெட்டணும்? புளி வருது, நெழல் வருது."

"மைசூர் மைன்ஸ் காட்டுல?"

"அங்க யாரு போவாங்க? ஐயோ, உள்ள விழுந்துடுவோம்ல."

ஸ்வீட்டி இதை இங்கிலீஷில் சொன்னாள். யசோதரா மேடத்தின் முகத்தையே ஆவலாகப் பார்த்தாள். பரத் சொன்ன சாட்சியம் கேட்காமலே கிடைத்துவிட்டதே! ஆனால் மேடத்தின் முகம் தொங்கிப் போயிற்று. கேமராவை மூடிவிட்டார்.

"இன்னா ஆச்சு?" என்றாள் யசோதரா.

"தெரியலக்கா. திருப்தி இல்ல போலகீது."

"நம்பல. சொல்லிக்குடுத்து சொல்ல வெச்சோம்னு நெனக்கறாங்க." யசோதராவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "மேடம், நான் இதே ஊர்ல பொறந்து வளந்தவ. இங்க யாரும் ஒரு கொப்பக் கூட ஒடிக்க மாட்டாங்க. நானே இந்த வயசு வரைக்கும் ஒரு இலைய கிள்ளினதில்ல. சொல்லு ஸ்வீட்டி, அழுத்திச் சொல்லு."

ஸ்வீட்டி அழுத்திச் சொன்னாள். மேடம் பெருமூச்சு விட்டு, ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

காரில் திரும்பும்போது மேடம் மறுபடியும் கேட்டார். விறகுக்கு? விறகுக்குமா வெட்ட மாட்டார்கள்?

விறகுதானே சந்தேகம்? காரை நேராகத் தன் வீட்டுக்கு விடச் சொன்னாள் யசோதரா. மேடத்தைச் சமையலறைக்குக் கூட்டிப்போய் கேஸ் அடுப்பைக் காட்டினாள். பற்ற வைத்து, அணைத்து, மறுபடி பற்ற வைத்துக் காட்டினாள். சிலிண்டரைக் காட்டினாள். அது போதாதென்று, பக்கத்து வீட்டு சிலிண்டர், எதிர் வீட்டு சிலிண்டர், அதற்கு அடுத்த வீட்டு சாரதாம்மாவின் இரட்டை சிலிண்டர் எல்லாவற்றையும் காட்டினாள். லைன் பெண்கள் எல்லாரும் வெளியே வந்து, விறகைத் தொட்டு எத்தனையோ காலமாயிற்று என்று ஒரே குரலில் சொன்னார்கள்.

"விறகு அடுப்புல யாரு ஊதிகினு கெடப்பாங்க?" என்றாள் சாரதாம்மா. "எங்கள இன்னா பட்டிக்காடுன்னு நெனச்சிகினு கீறாங்களா அந்தம்மா?"

ஒவ்வொரு சிலிண்டருக்கும் மேடத்தின் முகம் ஒரு படி இறங்கியது. சாரதாம்மாவின் இரட்டை சிலிண்டரைப் பார்த்ததும் படியில் உட்கார்ந்தேவிட்டார். ஸ்வீட்டியிடம் ஏதோ முணுமுணுத்தார்.

"இன்னா சொல்றாங்க?"

"இவ்ளோ தூரம் வந்தது வேஸ்ட்டுன்னு சொல்றாங்கக்கா."

யசோதராவுக்குக் கக்கூஸ் பக்கத்துப் பேப்பர் கண்ணெதிரே விரிந்தது. இவ்வளவு சாட்சி சொல்லியும் நம்பாத மனுஷி ஒருத்தி உண்டா? இனி ஒரே வழி. காட்டையே காட்டிவிட வேண்டியதுதான். நம்பர் போட்ட மரங்கள், ஒன்றுகூடக் குறையாமல், வரிசையாக நிற்பதைக் கண்ணால் பார்த்தால் எந்தச் சந்தேகம் நிற்கும்?

அந்த நேரம் பார்த்து அப்பாதுரை போன் செய்தார். குரலில் குதூகலம்.

"எல்லாம் ரெடிம்மா! கூட்டிகினு வா!"

"கூட்டம் போயிடுச்சா பெரியப்பா?"

"நீ வந்து பாரு. அசந்துடுவ."

அசந்துதான் போனாள்.

கார் மைசூர் மைன்ஸ் ரோட்டில் திரும்பியதுமே ஷாஃப்ட் தெரிந்தது. எத்தனையோ வருஷமாக யசோதரா அந்த இடத்திலிருந்து அதைப் பார்த்ததில்லை. நடுவில் காடு மறைக்கும். இப்போது மறைக்கவில்லை.

காட்டில் பாதி இல்லை. நம்பர் போட்ட மரங்கள் நம்பரோடு படுத்துக் கிடந்தன. வெட்டிய கட்டைகளை அளவு வாரியாக அடுக்கியிருந்தார்கள். மீதி நின்ற அடிமரங்களுக்கு இடுப்பு உயரத்துக்கு வெள்ளையடித்திருந்தார்கள். கற்களுக்கும் வெள்ளையடித்து, கார் வருவதற்கு இரண்டு பக்கமும் பாதை போட்டிருந்தார்கள். கலர் காகிதத் தோரணம் கட்டியிருந்தது. சைலஸ் விசில் ஊதினார். பூட்ஸ் போட்ட கிழவர்கள், லீவில் வீட்டிலிருந்த அவர்கள் மகன்கள், மருமகன்கள், எல்லாரும் அரிவாளும் ரம்பமுமாக அட்டென்ஷனில் நின்றார்கள். வியர்வையில் குளித்திருந்தார்கள், முகமெல்லாம் பல்.

யசோதரா காரிலிருந்து இறங்கவில்லை. விழுந்தாள் என்று சொல்ல வேண்டும்.

"பெரியப்பா! இன்னா பண்ணி வெச்சிருக்கீங்க!"

"இன்ஸ்பெக்‌ஷன்மா!" என்றார் அப்பாதுரை பெருமையாக. "மேல இருந்து ஆபீசர் வந்தா, சர்ஃபேஸ க்ளீன் பண்ணி வெள்ளையடிக்கணும். என் சர்வீஸ்ல ஒரு தடவ தவறினதில்ல. முள்ளும் பொதருமா வெச்சிகினு ஷாஃப்ட்ட எப்டி காட்டுவ? நீ சின்னப்பொண்ணு, உனக்குத் தெரியாது. அதான் நாங்களே ஷிஃப்ட் போட்டு முடிச்சிட்டோம்."

"காவலுக்குத்தான சொன்னேன்! யாரும் வரக் கூடாதுன்னுதான சொன்னேன்!"

"யாரும் வரலியே. நாங்கதான் இருந்தோம்."

"மரத்த வெட்டினீங்களே பெரியப்பா... பஞ்சசீலத்துல மொத சீலம் இன்னா? வாரா வாரம் புத்த விகார்ல நீங்கதான முன்ன நின்னு சொல்லிக் குடுக்கறீங்க, எந்த உயிரையும் கொல்லக் கூடாதுன்னு?"

அப்பாதுரை ஓர் அடிக்கட்டையைக் காட்டினார். "வேர விட்டுட்டோம்மா" என்றார்.

யசோதராவுக்கு அழுகையே வந்துவிட்டது. அழுதாள். வெட்கம் பார்க்காமல், ஒரு கட்டைமேல் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். போயிற்று. நாளைக்கே ஒயிட்ஃபீல்டுக்குப் போன் பண்ணிப் பழைய வேலையைக் கெஞ்சிக் கேட்க வேண்டும். அதே ரயில், அதே வாசனை. ஒரு பாவமும் செய்யாமல், ஒரு இலையைத் தொடாமல் இருந்ததற்கு இதுவா கூலி? அவளுக்குப் பெரியப்பாவின்மேல் வந்த ஆத்திரத்தில் அந்த பூட்ஸைப் பிடுங்கி ஷாஃப்ட்டுக்குள் எறியலாம் போல இருந்தது.

அப்போதுதான் ஒரு சத்தம் கேட்டது. கேமரா சத்தம்.

மேடம் ஓடிக்கொண்டிருந்தார். ஒரு அடிக்கட்டையிலிருந்து இன்னொரு அடிக்கட்டைக்கு. குனிந்து படம் எடுத்தார், படுத்துப் படம் எடுத்தார், ரம்பத்தைப் படம் எடுத்தார். காலையிலிருந்து தொங்கிக்கிடந்த முகம் இப்போது கல்யாணப் பெண்ணின் முகம் மாதிரி இருந்தது. ஸ்வீட்டி பின்னால் மூச்சிரைக்க ஓடினாள்.

"இதையெல்லாம் யார் வெட்டினதுன்னு மேடம் கேக்கறாங்க!"

நூறு கை ஒரே நேரத்தில் உயர்ந்தது. வெட்டாத இரண்டு மூன்று பேரும் சேர்ந்து தூக்கினார்கள். வேலை என்று வந்துவிட்டால் யார்தான் கையைக் கீழே வைத்திருப்பார்கள்?

"மிச்சத்தையும் வெட்டுவீங்களான்னு கேக்கறாங்க."

"உத்தரவு குடுத்தா சாயங்காலத்துக்குள்ள!" என்று அப்பாதுரை கத்தினார்.

"ஐயோ, வேணாம் மேடம்!" யசோதரா எழுந்து ஓடினாள். தன் தலையையாவது காப்பாற்றிக்கொள்ளலாம் என்று பார்த்தாள். "இதுல எனக்கு சம்பந்தமே இல்ல. நான் வெட்டச் சொல்லல. என் கை சுத்தம். நான் சாட்சிக்கு வெச்ச மனுஷங்கள கேளுங்க, சாரதாம்மாவ கேளுங்க, என் வாழ்க்கையில நான் ஒரு இலைய கிள்ளினதில்ல! ஸ்வீட்டி, சொல்லு, இன்னும் அழுத்திச் சொல்லு!"

ஸ்வீட்டி சொன்னாள். மேடம் யசோதராவைப் பரிதாபமாகப் பார்த்து, தோளில் தட்டிக்கொடுத்தார். அப்புறம் காருக்குப் பின்னால் போய் வெகுநேரம் போனில் பேசினார். முதலில் தன் தேசத்தோடு, பிறகு பரத்தோடு. பரத் அந்தப் பக்கம் 'வாவ், வாவ்' என்று சொல்வது இந்தப் பக்கம் வரை கேட்டது. சண்டை போடுகிற ஆள் 'வாவ்' என்று சொல்ல மாட்டானே என்று யசோதரா நினைத்தாள். அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

கிழவர்கள் மேடத்துக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். சைலஸ் எல்லாருடைய பிளாஸ்டிக் கவரையும் வாங்கி அடுக்கி, ஸ்வீட்டியின் கையில் கொடுத்தார். மேடம் ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்து, அந்தந்த ஆளின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்பாதுரையின் கையை மட்டும் இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார்.

கடைசியில் ஸ்வீட்டி முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு கட்டைமேல் ஏறி நின்றாள்.

"எல்லாரும் கேளுங்க! திட்டம் பாஸ் ஆயிடுச்சு! கை தூக்கின எல்லாருக்கும் வேலை கன்ஃபார்ம். அஞ்சு வருஷத்துக்கு. இங்கியே, இதே எடத்துல. பெரியவரு அப்பாதுரைதான் சூப்பர்வைசர்!"

அப்புறம் எழுந்த சத்தம் இருக்கிறதே, மைன்ஸ் ஓடிய காலத்தில் தீபாவளிக்கு முதல் நாள் போனஸ் கொடுக்கும்போதுகூட அப்படிக் கேட்டிருக்காது. சைலஸ் விசிலை ஊதிக்கொண்டே அழுதார். மகன்கள் அப்பன்களைத் தூக்கிச் சுற்றினார்கள். அப்பாதுரை யசோதராவிடம் வந்து, அவள் தலையில் கை வைத்தார்.

"பாத்தியாம்மா? வெள்ளையடிச்சா வேல வரும்னு சொன்னனா இல்லியா?"

யசோதராவுக்கு எப்படி, எதனால் என்று ஒன்றும் விளங்கவில்லை. விளங்க வேண்டிய அவசியமும் இல்லை. பாஸாகிவிட்டது, அது போதும். பூட்ஸின் மேலிருந்த ஆத்திரமெல்லாம் போய், பெரியப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். இனி பகலில் தன் வீட்டுச் சுவரைப் பார்க்கலாம். பழைய கம்பெனிக்காரர்களுக்குப் போன் பண்ணி, வர மாட்டேன் போ என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுக்கூட வைக்கலாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"ஸ்வீட்டி, பெரியப்பா சூப்பர்வைசர்னா எனக்கு அதுக்கு மேல போஸ்ட்டா இருக்கும். இன்னா போஸ்ட்டு, எப்ப சேரணும்னு மேடத்த கேட்டியா?"

ஸ்வீட்டி அவளை நேராகப் பார்க்காமல், குடித்து முடித்த இளநீரை மறுபடி உறிஞ்சினாள்.

"கேட்டேன்க்கா, உங்களுக்கு இல்லியாம், வெட்டறவங்க வெட்டாம இருக்கறதுக்குத்தான் அவங்க சம்பளமே தராங்களாம், நீங்க ஒரு இலையக் கூட கிள்ளினதில்லன்னு காலையில இருந்து நீங்களேதான சொல்லிகினு கீறீங்க."